சட்டைக்குள்ளே ஒன்பது சட்டை

டிசம்பர் பிறந்துவிட்டால் கொடைக்கானல் ஏரிக்கரைப் புல்லெல்லாம் விடிகாலையில் உப்பைக் கொட்டினாற்போல வெளுத்துக் கிடக்கும். பார்சல் கம்பெனிக்கு அதுதான் சீசன். கிறிஸ்துமஸில் ஆரம்பித்துப் பொங்கல்வரைக்கும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அந்த ஒன்றரை மாசத்துக்கென்று வேலைக்கு எடுத்தவர்களில் ஒருத்தி அல்போன்சா.

அவளுக்குக் கொடுத்த யூனிஃபார்ம், கொசுவலைக்குச் சாயம் தோய்த்தது போல ஒரு மஞ்சள் டி-ஷர்ட். அதற்கு மேலே ஸ்வெட்டர், ஜெர்கின் எதுவும் போடக்கூடாது. கம்பெனி பெயர் மறைந்துவிடுமாம். முதல் வாரம் சொன்னபடி கேட்டவள், வீசிங் வந்து இரண்டு நாள் மூச்சுக்குத் திண்டாடினாள். அப்புறம் புத்தி வந்து, மற்றவர்களைப் போலவே உள்ளே போட்டுக்கொண்டாள்: ஒரு பனியன், தம்பியின் ஸ்கூல் ஸ்வெட்டர், அதற்குமேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை.

அன்று காலை ஏழு மணிக்குச் சென்னையிலிருந்து ஏரியா மேனேஜர் வித்யாசாகர் வந்து இறங்கினார். முழங்கால்வரை கோட்டு, கழுத்தில் மஃப்ளர், கைகளில் தோல் கையுறை. வரிசையில் நின்ற பன்னிரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க அனுப்புன போட்டோல பார்த்தப்பவே நினைச்சேன். எல்லாரும் பஞ்சு மூட்டை மாதிரி இருக்கீங்க. இனிமே உள்ளே பனியன் மட்டும்தான். ஸ்வெட்டர் போட்டு வந்தா அன்னைக்கே வீட்டுக்குப் போகலாம்."

அல்போன்சாவுக்கு அப்போதே நெஞ்சு இழுத்தது. வாயைத் திறக்க முடியுமா? நிரந்தர ஆளுக்கு மெமோ கொடுப்பார்கள். சீசன் ஆளுக்குக் கதவைக் காட்டுவார்கள்.

"சார் சொல்றது ரொம்ப நியாயம்" என்றொரு குரல் எழுந்தது. சவரிநாயகம். இருபது வருசமாக அந்த மலையில் பார்சல் கொடுக்கிறவர். "உள்ள போட்டு நான் பட்ட பாடு எனக்குல்ல தெரியும்!"

"அண்ணன் ஆரம்பிச்சிட்டாரு" என்று பக்கத்தில் நின்ற காசிம் முணுமுணுத்தான்.

"போன வருசம் சார். உள்ள ஒம்பது சட்ட, மேல யூனிஃபார்ம். கைய மடக்க முடியல. நாலு பேரு சேந்து என்னைய பைக்குல தூக்கி வச்சாங்க. பெருமாள்மலைகிட்ட வண்டி வழுக்கிருச்சு. நான் விழல சார். உருண்டேன். நேரா வத்தலக்குண்டு."

"மலை இறங்கியா? ஒரு கொண்டை ஊசி வளைவுலகூட தெறிச்சு வெளிய போகலியா?" என்றான் காசிம்.

"ஹாரன் அடிச்சுக்கிட்டேதான் உருண்டேன், எதுத்தாப்ல வர்றவன் ஒதுங்கணும்ல. நடுவழியில ஊத்துங்கிற ஊர்ல மட்டும் ஒரு காபிக்கு நின்னேன். வழியில இருந்த பதினாறு பார்சலையும் உருண்ட வாக்குலயே வாசல் வாசலா போட்டுட்டேன்."

"ஓடிபி?" அல்போன்சா தன்னை மறந்து கேட்டுவிட்டாள்.

"சன்னல் வழியா கத்துனாங்கம்மா. தலைகீழா இருக்கும்போது கேட்ட நம்பரை மட்டும் திருப்பிப் போட்டுக்கிட்டேன்."

வரிசை குலுங்கியது. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சவரிநாயகம் விடவில்லை.

"கீழ அடிக்கிற வெயில்ல ஒம்பது சட்டையும் கொதிச்சுப் போச்சு. அந்தச் சூட்டோட மேல வந்தா, ஏரி ரோட்டுல ஒரு காட்டுமாடு எம் முதுகுல ஒட்டிக்கிட்டு நிக்குது. குளிர் காயுதாம்! அடுத்து ஒண்ணு, அதுக்கடுத்து ஒண்ணு. மொத்தம் பதினெட்டு உருப்படி. போற வீட்டுக்கெல்லாம் பின்னாலயே வருதுங்க. ஒரு அம்மா பார்சல வாங்கிக்கிட்டு, 'மாடு நாங்க ஆர்டர் போடலியேப்பா'ன்னுச்சு."

"போதும்" என்றார் மேனேஜர்.

"முடிச்சிர்றேன் சார். வீட்டுல போயி கழட்டுறேன். சம்சாரம் ஒரு பக்கம், மச்சான் ஒரு பக்கம் இழுக்குறாங்க. ஆறாவது சட்டைக்கும் ஏழாவது சட்டைக்கும் நடுவுல ஒரு ஆளு உக்காந்திருக்கான்! பாத்தா, முந்தின வருசம் எடுத்த சீசன் ஆளு. கம்பெனி குடுத்த ஒத்தச் சட்டையோட குளிர் தாங்காம உள்ள பூந்துக்கிட்டானாம். 'அண்ணே, ஆப்சென்ட் போட்ராதீங்க'ன்னு அழுகுறான்."

சிரிப்பு வந்த வேகத்தில் அடங்கியது. மேனேஜர் முகம் சிவந்துவிட்டது.

"கதை விடாதீங்க. இது லேப்ல டெஸ்ட் பண்ண துணி. ஜீரோ டிகிரி தாங்கும். நானே போட்டுப் பார்த்தேன், வேர்த்துப் போச்சு."

"எங்க வச்சு சார்?" என்றார் சவரிநாயகம்.

"சென்னை ஆபீஸ்ல."

"அப்ப இங்கயும் ஒருவாட்டி போட்டுக் காட்டுங்க சார்."

சொன்னது யாரென்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அல்போன்சாவே திரும்பிப் பார்த்தாள். அப்புறம்தான் தன் குரல் என்று உறைத்தது. பன்னிரண்டு பேர் முன்னால் மேனேஜருக்குப் பின்வாங்க வழியில்லை. கோட்டைக் கழற்றினார், மஃப்ளரைக் கழற்றினார். மஞ்சள் டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு, பூம்பாறைக்குப் போகும் மூன்று பார்சலோடு சவரிநாயகத்தின் வண்டியில் பின்னால் ஏறினார்.

ஒன்பதரைக்கு வண்டி திரும்பியது. போகும்போது ஒல்லியாக இருந்த மேனேஜர் வரும்போது இரண்டு சுற்றுப் பெருத்திருந்தார். மஞ்சள் டி-ஷர்ட்டின் கழுத்துக்குள்ளிருந்து மூன்று ஸ்வெட்டர் எட்டிப் பார்த்தது. மூன்றும் சவரிநாயகத்தினுடையவை. அவரோ வெறும் பனியனும் யூனிஃபார்முமாக, உதடு நீலம் பாரித்து நின்றார்.

அல்போன்சா ஓடிப்போய் மேனேஜரின் கோட்டை எடுத்துவந்து சவரிநாயகத்தின் தோளில் போர்த்தினாள். காசிம் மேனேஜருக்குக் கொடுத்த டீயில் பாதி டம்ளரை விட்டுத் தரையில் இறங்கியது.

"எப்படி சார் இருந்துச்சு?" என்றான் காசிம்.

"கு... குளிரா? அ... அப்படியொண்ணும் தெ... தெரியலையே. அவரு க... கனமா இருக்குன்னாரு. பா... பாவமேன்னு வா... வாங்கிப் போட்டுக்கிட்டேன்."

சவரிநாயகம் கோட்டோடு முன்னால் வந்து கைகளைக் கூப்பினார்.

"சார், இருபது வருசமா இந்த மலையில கதை விடுறதுல என்னைய மிஞ்ச ஆளில்லன்னு இருந்தேன். இனிமே நான் வாயத் தொறந்தா செருப்பால அடிங்க."