கம்பிக் கதவைப் பார்த்து உட்கார்ந்தவள்

"புத்தருக்கே முதுகைக் காட்டிக்கிட்டு உட்கார்ற பொம்பளைக்கு நான் என்னத்தைம்மா சொல்லிக் கொடுக்கறது?"

எழிலரசி வந்ததும் வராததுமாகக் கேட்டாள். இடுப்பில் மகள் கௌதமி, தோளில் பை. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த எரிச்சல் இன்னும் முகத்திலிருந்து இறங்கவில்லை.

பிக்குணி கேமா விகாரை வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். எழிலைவிட வயதில் சின்னவர்தான். துறவிக்குரிய துவராடை உடுத்தியவர் என்பதால் ஊருக்கே அவர் அம்மா.

"யாரு அது?"

"ஜெயில்ல நான் நடத்தற தியான வகுப்புல ஒருத்தி. பவுனம்மான்னு பேரு. ஆயுள் கைதி. எல்லாரும் சுவத்துல மாட்டியிருக்கிற புத்தர் படத்தைப் பார்த்து உட்கார்றாங்க. இந்தம்மா மட்டும் கடைசியில போய், கம்பிக் கதவைப் பார்த்துத் திரும்பி உட்காருது. கண்ணையும் மூடறதில்லை. ஆந்தை மாதிரி முழிச்சுக்கிட்டே இருக்கு."

"சொல்லிப் பார்த்தீங்களா?"

"சொல்லாம இருப்பேனா? 'நீங்க நடத்துங்க டீச்சர், நான் காதுல வாங்கிக்கிட்டுத்தான் இருக்கேன்'னு சொல்லுது. இத்தனைக்கும் மனு எழுதிப் போட்டு இந்த வகுப்பைக் கேட்டு வாங்கினதே அந்தம்மாதான். வருசக் கணக்கா ராத்திரியில தூக்கமே இல்லையாம். இதுலயாவது மனசு அடங்குமான்னு வந்திருக்கு. வந்துட்டு இப்படி."

கேமா பெருக்கிக்கொண்டே இருந்தார்.

"வார்டர் சகாயமேரி, பேரை அடிச்சிடலாம், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு நிக்கறாங்க. ஒருக்கா அடிச்சிட்டா மறுபடி சேர்க்க மாட்டாங்களாம். அடிக்கச் சொல்லட்டுமா?"

"அந்தக் கதவுல என்ன இருக்கு?"

"என்ன இருக்கும், கம்பிதான்."

"கம்பியைப் பார்க்கறதுக்கா மனு எழுதிப் போட்டாங்க?"

எழிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தெரிஞ்சுக்கிட்டு வாங்க," என்றார் கேமா.

போகும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. ஜன்னலுக்கு வெளியே ஊர் ஊராக ஓடியது. எழிலுக்குக் கண்ணில் நின்றதெல்லாம் அந்தக் கதவுதான்.

*

அடுத்த சனிக்கிழமை வகுப்பு தொடங்குமுன் எழில் கதவருகே போய் நின்று பார்த்தாள்.

துருப்பிடித்த கம்பி. பெரிய பூட்டு. அதற்கு அப்பால் நீளமான நடை. நடையின் முனையில் ஒரு தண்ணீர் டேங்க். அதன்மேல் ஒரு காக்கா.

"என்ன டீச்சர், உங்களுக்கும் தொத்திக்கிச்சா?" என்றார் சகாயமேரி. "நான் சொல்றதைக் கேளுங்க. இன்னிக்கு ஒரு நாள் அதை வெளியே அனுப்பிப் பார்ப்போம். வகுப்பு ஒழுங்கா நடந்தா அடுத்த வாரம் பேரை அடிச்சிடறேன்."

எழில் யோசித்தாள். சரி என்று தலையாட்டினாள்.

பவுனம்மாவை வெங்காயம் உரிக்கச் சமையல்கட்டுக்கு அனுப்பினார்கள். அவள் ஏன் என்று கேட்கவில்லை. சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். வாசலில் ஒருமுறை திரும்பி, உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். போய்விட்டாள்.

"கண்ணை மூடிக்குங்க. உள்ளே வர்ற மூச்சை மட்டும் கவனிங்க," என்றாள் எழில்.

யாரும் மூடவில்லை.

மூடியவளும் உடனே திறந்தாள். நடையில் ஒரு வாளி உருண்டது. அத்தனை தலையும் பின்னால் திரும்பியது. புத்தர் படத்தைப் பார்க்க ஆளில்லை.

"என்னம்மா ஆச்சு உங்களுக்கு? போன வாரம் நல்லாத்தானே உட்கார்ந்தீங்க?"

கடைசியில் ஓரமாக இருந்தவள் சொன்னாள்.

"இங்கே கண்ணை மூடிப் பழக்கமில்லை டீச்சர். முந்தாநாள் செத்த அசந்தேன், போர்வையைக் காணோம்."

"போர்வை போனதோட விட்டுச்சேன்னு இரு," என்றாள் பக்கத்தில் இருந்தவள். அவள் நெற்றியில் பழைய தழும்பு ஒன்று இருந்தது.

*

"எனக்கு ஒண்ணுமே புரியலைம்மா," என்றாள் எழில். "கெடுக்கறவளை அனுப்பினா வகுப்பே கெட்டுப்போச்சு. சகாயமேரி என்னமோ, இன்னும் ரெண்டு பேரோட பேரையும் அடிச்சிடலாம்னு சொல்றாங்க."

கேமா அவளை விகாரைக்குப் பின்னால் கூட்டிப்போனார். அங்கே படி இறங்கும் குளம். கரையில் அரசமரம்.

"பிள்ளையை இறக்கி விட்டுட்டு உட்காருங்க. கண்ணை மூடுங்க."

எழில் கௌதமியை இறக்கிவிட்டாள். சம்மணம் போட்டாள். மூடினாள்.

திறந்தாள்.

"மூடுங்க."

மூடினாள். கொலுசு சத்தம் கேட்டது. திறந்தாள். இப்போதுதான் நடக்கப் பழகிய பிள்ளை, அரச இலை ஒன்றைத் துரத்திக்கொண்டு தத்தக்கா பித்தக்கா என்று போய்க்கொண்டிருந்தது.

"எழில், மூடுங்கன்னா மூடணும்."

"நல்லாச் சொன்னீங்க. பிள்ளை படிக்கட்டுப் பக்கம் போறா. நான் இங்கே மூச்சைப் பார்த்துக்கிட்டு இருக்கவா?"

கேமா எழுந்துபோய்ப் பிள்ளையைத் தூக்கினார். கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டார். கையில் அரச இலையைக் கொடுத்தார். பிள்ளை அதைக் கடித்துப் பார்த்தது.

எழிலின் கண்கள் தாமாக மூடின.

மூச்சு வந்தது. போனது. மறுபடி வந்தது.

திடீரென்று எழுந்துவிட்டாள்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"பேரை அடிச்சிடப் போறாங்கம்மா. சகாயமேரிக்கு ஒரு போன் போட்டுட்டு வரேன்."

*

சனிக்கிழமை பவுனம்மா வந்தபோது அவள் இடத்தில் எழில் உட்கார்ந்திருந்தாள். முகம் கம்பிக் கதவைப் பார்த்து.

"டீச்சரே சாமிக்கு முதுகைக் காட்டினா எப்படி?" என்றார் சகாயமேரி வெளியிலிருந்து.

"அவர் கோவிச்சுக்க மாட்டார் மேடம்."

பவுனம்மா நின்றபடியே சொன்னாள். "அது என் இடம் டீச்சர்."

"தெரியும்க்கா. இன்னிக்கு நான் பார்த்துக்கறேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பி உட்காருங்க."

பவுனம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். டீச்சர் என்ற மரியாதையெல்லாம் அந்தப் பார்வையில் இல்லை.

"தூங்கிட மாட்டியே?"

"மாட்டேன்."

பவுனம்மா எழிலின் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்தாள். பலகைபோல் விறைத்த முதுகு.

"மூச்சை மட்டும் கவனிங்க," என்றாள் எழில், கதவைப் பார்த்தபடி.

நடையில் தடதடவென்று சத்தம். பின்னால் அந்த முதுகு இன்னும் விறைத்தது.

"சோத்து அண்டாவை உருட்டிக்கிட்டுப் போறாங்க," என்றாள் எழில். "போயிட்டாங்க."

முதுகு கொஞ்சம் தளர்ந்தது.

பிறகு பூட்ஸ் சத்தம்.

"சகாயமேரிதான். டீ குடிக்கப் போறாங்க."

இன்னும் கொஞ்சம் தளர்ந்தது. காக்கா டேங்கின்மேல் வந்து உட்கார்ந்தது. அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று எழில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, பின்னாலிருந்து பாரம் முழுக்க அவள்மேல் சாய்ந்தது.

மெல்லிய குறட்டை ஒன்று கேட்டது.

எழில் காலை ஊன்றிக்கொண்டு கதவைப் பார்த்தாள்.