பிரதானியின் எண்ணெய்க் குளியல்

பொட்டலூருக்குக் குழாய் வந்தது. தண்ணீர் வரவில்லை.

ஆற்றிலிருந்து ஊர்வரை சுடுமண் குழாய் பதிக்கச் சொன்னவர் மருதங்கோட்டை ராஜா. பதித்தவர் பிரதானி நல்லசிவம். வழியில் பிரதானியின் வாழைத்தோப்பு. குழாய் அதைத் தாண்டிப் போனது. தண்ணீர் தாண்டவில்லை. வாழைகள் மட்டும் நன்றாகத் தார் போட்டன.

பொட்டலூர்க் குருவம்மாள் கோட்டைக்கே வந்து முறையிட்டாள். குழாயில் ஆறே கொட்டுகிறது, இவள் பொய் சொல்கிறாள் என்றார் பிரதானி. நேரில் வந்து பார்க்கிறேன், தண்ணீர் இருந்தால் இவள் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போகட்டும் என்றார் ராஜா. ராஜநீதி அப்படி. சட்டென்று முடிந்துவிடும்.

ராஜா வந்தார். குழாயில் தண்ணீர் கொட்டியது. கொட்டாமல் என்ன? சற்றுத் தள்ளிப் புதர் மறைவில் பிரதானியின் ஆட்கள் குடம் குடமாக உள்ளே ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மூட்டையைக் கட்டு என்றார் ராஜா.

கூடவே செவந்தியப்பன் வந்திருந்தான். சபையில் ராஜாவைச் சிரிக்கவைத்துச் சோறு தின்பவன். தண்ணீர் கொட்டுவதும் நிற்பதும் மறுபடி கொட்டுவதுமாக இருந்ததைப் பார்த்தான். ஆறு எதற்கு மூச்சு வாங்குகிறது?

"மகாராஜா, ஒரு சடங்கு முறை பாக்கி இருக்கு. நீர்வழி அமைச்சவர்தான் அதுல முதல் எண்ணெய்க் குளியல் போடணும். பிரதானியார் இன்னும் போடலையே."

அந்த நாட்டு வழக்கம் அது. மறுத்தால் தெய்வக் குற்றம். பிரதானி சட்டையைக் கழற்றினார்.

எண்ணெய் தேய்த்தவனும் செவந்தியப்பன்தான். தேய்த்தான், தேய்த்தான், பிரதானி தூங்கிவிழும்வரை தேய்த்தான். பிறகு தலை நிறையச் சீயக்காய். அதையும் அவசரமில்லாமல் தேய்த்தான். அதற்குள் புதரில் குடங்கள் தீர்ந்தன. குழாய் நின்றது.

சீயக்காய் கண்ணில் இறங்கியது. பிரதானி குழாய் வாயைத் தடவிப் பார்த்தார்.

"பொறுங்க ஐயா. ஆத்துத் தண்ணிதானே, வந்துரும்."

பிரதானிக்குப் பொறுக்கவில்லை. "டேய், குடத்தைக் கவுத்துங்கடா."

"எல்லாம் காலி, எசமான்," என்றது புதர்.

ராஜா புதரைப் பார்த்தார். யாரோ ஒருவர் இரக்கப்பட்டுச் சொம்பை நீட்டினார். செவந்தியப்பன் தடுத்துவிட்டான். முறைப்படி குழாய்த் தண்ணீரில்தான் அலச வேண்டுமாம்.

"தோப்புக்குத் தண்ணியைத் திருப்புற மதகை அடைங்கடா," என்று அலறினார் பிரதானி.

ஆட்கள் ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் குழாய் இருமியது, சேறு துப்பியது, பிறகு நிற்காமல் கொட்டியது. குருவம்மாள் தன் குடத்தை நிரப்பிய பிறகுதான் பிரதானிக்கு வழிவிட்டாள்.

ராஜா வயிறு வலிக்கச் சிரித்தார். பதவியைப் பிடுங்கினார். தோப்பைப் பொட்டலூருக்குக் கொடுத்தார். தண்ணீர் கொண்டுவந்தவன் நீதான் என்று முத்துமாலையைக் கழற்றிச் செவந்தியப்பனிடம் நீட்டினார்.

மாலையை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் அவன் பேசினான். "நான் தேய்ச்சதோட சரி, மகாராஜா. பிரதானியாரை நிஜம் பேச வச்சு, ஊருக்குத் தண்ணி கொண்டுவந்தது சீயக்காய்."