சுருக்கமா சொல்லு

சீடர் தில்லைநாயகம் குருவைவிட வயதில் மூத்தவர். லாரி ஆபீஸ் வைத்திருந்தார். எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நிற்கிற மனுஷர். பொறுமை வர வழி கேட்டவரிடம் குரு ஒரு பழைய நாவலின் பெயரைச் சொல்லி, "படிச்சிட்டு வாங்க" என்று அனுப்பியிருந்தார்.

அது தலையணை கனத்துக்கு இருக்கும் நாவல். கடையில் அதன் பக்கத்திலேயே சுருக்கப் பதிப்பும் இருந்தது, விரல் கனத்துக்கு. தில்லைநாயகம் எதை வாங்கினார் என்று சொல்லவா வேண்டும்?

மறுவாரமே மடத்துக்கு வந்துவிட்டார்.

"முடிச்சாச்சு சாமி. ஒரே மூச்சுல."

குரு புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். "கதையில வர்ற வடிவு ஏன் கிணத்துல விழுந்தா?"

"பால் பொங்கி வழிஞ்சிடுச்சு. மாமியார் ஒரு வார்த்தை கேட்டா. பொசுக்குனு போய் விழுந்துட்டா. இதுக்கெல்லாமா சாவாங்க? எழுதினவருக்கு விவரம் பத்தலை."

"பெரிய புத்தகத்துலயும் பால்தான் பொங்குது. ஆனா அதுக்கு முன்னாடி அவ அந்த வீட்டுல எத்தனையோ வருஷம் இருக்கா. விடியுது, அடுப்பு மூட்டுறா, எல்லாரும் சாப்பிட்டு முடிச்சதும் மிச்சத்தைத் திங்குறா. பக்கம் பக்கமா அதேதான். ஒருத்தரும் அவகிட்ட முகம் கொடுத்துப் பேசுறதில்லை."

"கதை நகராதே சாமி."

"அப்படி நினைச்சுத்தான் வெட்டியிருக்காங்க."

தில்லைநாயகத்துக்கு அலுப்பாக இருந்தது. பேச்சை மாற்றினார். "நானே வீட்டுல ஒரு பஞ்சாயத்தை முடிச்சிட்டு வரேன் சாமி. நேத்து என் தங்கச்சி பூங்கோதை புருஷன் வீட்டுலேருந்து கிளம்பி வந்துட்டா. இனிமே போகமாட்டேன்னு ஒரே அழுகை."

"என்னவாம்?"

"குழம்புல உப்பு கூடிப்போச்சாம். மாப்பிள்ளை தட்டைத் தூக்கி எறிஞ்சாராம்." சிரித்தார்.

"அவ்வளவுதான் சொன்னாங்களா?"

"கல்யாணமான புதுசுலேருந்து ஆரம்பிச்சா. லோடு ஏத்துற நேரம் வேற. சுருக்கமா சொல்லுன்னேன்."

"அப்புறம்?"

"உப்புன்னா."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதிலேயே விழுந்தது. சிரிப்பு அப்படியே நின்றது. நேற்று அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டு, பிறகுதான் உப்பு என்றாள். அவர் அப்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்போ எங்கே இருக்காங்க?"

"காலையிலதான் புருஷன் வீட்டுக்கே பஸ் ஏத்திவிட்டேன். போகும்போது அழலை சாமி. கையில கிடந்த வளையலைக் கழட்டி என் மகளுக்குப் போட்டுவிட்டா. சிரிச்சிக்கிட்டேதான் போனா."

தில்லைநாயகம் தரையில் கையூன்றி எழுந்தார்.

குரு அவருக்கு முன்னால் வெளியே போனார். வாசலில் கிடந்த சீடரின் செருப்பைத் தன் கையால் எடுத்து, தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

"அந்த வீட்டுல கிணறு இருக்கா?" என்று கேட்டார்.