கும்மிக்குக் கைதட்டு வந்த கதை

அந்தக் காலத்தில், பறவைகள் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த நாளில், கும்மிக்குக் கைதட்டு கிடையாது. பெண்கள் ஒருத்தி கையை ஒருத்தி இறுகப் பிடித்து, நிமிர்ந்து நின்று வட்டமாகச் சுற்றி வருவார்கள். பாட்டு உண்டு, காலடி உண்டு. கைக்குப் பிடிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

அந்த நாளில் சலங்கையாத்தா என்றொரு தெய்வம் இருந்தாள். அவளுக்குக் கோயில் இல்லை, பூசாரி இல்லை. கிடா கேட்டதில்லை, சேவல் கேட்டதில்லை. கேட்காத தெய்வத்தை யார் நினைவில் வைத்துக்கொள்வார்கள்? ஊர் அவளை மறந்துதான் போயிருந்தது. அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை.

அவளுக்கு வேலை எல்லாம் வழி தெரியாமல் நின்றுவிட்ட உயிர்களிடம்தான். நடுவழியில் மாண்ட பரதேசி, இடி விழுந்து செத்த ஆட்டுக்காரர், பேர் வைக்கும் முன்பே கண் மூடிய கைக்குழந்தை. பௌர்ணமிதோறும் அவள் நிலவொளியோடு கண்மாய்ப் பொட்டலில் இறங்கி ஆடுவாள். சலங்கைச் சத்தம் கேட்டு அந்த உயிர்கள் ஒவ்வொன்றாக வந்து கைகோத்துக்கொள்ளும். நிலவு மேற்கே சாயச் சாய வட்டமும் மேற்கே நகரும். விடியும் முன் எல்லாரையும் அக்கரைப் பாதையில் சேர்த்துவிடுவாள். யாரையும் அதட்ட மாட்டாள். வர மறுக்கும் உயிருக்காக இன்னொரு சுற்று ஆடுவாள், அவ்வளவுதான்.

கண்மாய்க்கு இந்தப் பக்கத்து ஊரில் காத்தாயி என்று ஒருத்தி. அவளுக்கு ஒரே மகள், செவந்தி. ஏழு வயது. இருட்டென்றால் உயிரே போய்விடும் அந்தப் பிள்ளைக்கு. பொழுது சாய்ந்தால் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேதான் திரியும். காத்தாயி பக்கத்தில் படுத்து முதுகில் தட்டிக்கொண்டே இருந்தால்தான் தூங்கும். மாசி மாதம் வந்த காய்ச்சல் அந்தப் பிள்ளையை மூன்றே நாளில் கொண்டுபோய்விட்டது.

காத்தாயி தலை வாரவில்லை. சோறு வடித்தாள், இரண்டு தட்டில் போட்டாள், இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை போனதைவிட, அது இருட்டில் தனியாக எங்கே நிற்கிறதோ என்பதுதான் அவளை அறுத்தது.

ஆட்காட்டிக் குருவி இருக்கிறதே, அதன் வாயில் எதுவும் நிற்காது. பங்குனிப் பௌர்ணமியன்று சாயங்காலம் அது காத்தாயி வீட்டு வேலியில் வந்து உட்கார்ந்தது.

"சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா சொல்லாம இருக்க முடியலை."

"என்ன?"

"ஒன் மக பொட்டல்லதான் நிக்கிறா. போன பௌர்ணமிக்கு ஆத்தா கூப்பிட்டுப் பார்த்தா. வரமாட்டேன்னுட்டா. இன்னைக்கும் ஆத்தா இறங்குவா."

காத்தாயி அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடினாள்.

நிலவு கிளம்பியதும் பொட்டல் பால் ஊற்றியதுபோல் வெளுத்தது. சலங்கையாத்தா ஆடிக்கொண்டிருந்தாள். உயிருள்ள ஒருத்தி ஓடி வருவதைப் பார்த்தாள். தடுக்கவில்லை. வட்டத்துக்கு வெளியே, வரவா வேண்டாமா என்று தயங்கி நின்ற ஒரு சின்ன உருவத்தின் கையைக் காத்தாயி எட்டிப் பிடித்தாள்.

"அம்மா!"

"ஆமாடி தங்கம். அம்மாதான்."

இன்னொரு கையை ஆட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். வட்டம் சுற்றியது. காத்தாயியும் சுற்றினாள். சாமி சாட்சியாகச் சொல்கிறேன், அன்று அந்தப் பொட்டலில் அவளைவிடச் சந்தோஷமாக ஆடியவர் யாருமில்லை. சொந்தப் பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறாள், வேறென்ன வேண்டும்?

நிலவு மேற்கே பனங்கூட்டத்துக்கு மேல் வந்து நின்றது. அக்கரைப் பாதை தெரிந்தது.

"காத்தாயி, இனி விடும்மா," என்றாள் ஆத்தா.

காத்தாயி விடவில்லை. பிடி இன்னும் இறுகியது. கைகோத்த வட்டம் அல்லவா? ஒரு கை விடாவிட்டால் யாராலும் நகர முடியாது. பரதேசி நின்றார். ஆட்டுக்காரர் நின்றார். ஆத்தாளின் சலங்கையும் நின்றது. அது நின்றது அதுவே முதல் தடவை.

"பரவால்ல, புடிச்சுக்கட்டும். பெத்தவ இல்லையா? நாங்க அடுத்த மாசம் போறோம்," என்றார் ஆட்டுக்காரர்.

ஆத்தா காத்தாயிக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். "நிலவு நான் சொன்னா நிக்கும். பொழுது நிக்காது தாயி. பாதி ஆட்டத்துல வெயில் பட்டா இவங்க பேரெல்லாம் பனியாக் கரைஞ்சிரும். அப்புறம் நான் கூப்பிட்டாலும் யாருக்கும் கேக்காது."

காத்தாயி தலையை ஆட்டினாள். அது சரி என்பதா, மாட்டேன் என்பதா, அவளுக்கே தெரியாது. கிழக்கே லேசாக வெளுக்கத் தொடங்கியது.

அப்போது பிள்ளை அண்ணாந்து பார்த்துக் கேட்டது.

"அம்மா, எம் பேரு என்ன?"

காத்தாயி பிள்ளையைத் தன்னோடு இழுத்துக்கொண்டாள். "செவந்தி," என்றாள். "செவந்திடி. செவந்தி."

"ஆமா. செவந்தி," என்றது பிள்ளை. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டது. "எம் பேரு என்னம்மா?"

காத்தாயி உடைந்து அழுதாள். "ஆத்தா, அந்தப் பாதை இருட்டா இருக்கே. இவ இருட்டுக்குப் பயப்படுவாளே. நான் எப்படி விடுவேன்?"

"நான் முன்னால போறேன். சலங்கைச் சத்தம் கேக்கும்."

"அது எல்லாருக்கும் கேக்குற சத்தம்," என்றது பிள்ளை மெல்ல. "எனக்கு அம்மா தட்டுனாத்தான் பயம் போகும்."

பேர் மறந்த பிள்ளைக்கு அது மட்டும் மறக்கவில்லை. காத்தாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முத்தமிட்டாள். பிறகு கையை விட்டாள்.

விட்ட கை வெறுங்கையாக அந்தரத்தில் நின்றது. தட்டுவதற்கு இனி முதுகு இல்லை. அதனால் ஒரு கையால் இன்னொரு கையைத் தட்டினாள். தூங்கவைக்கத் தட்டுகிற அதே தாளம். பிள்ளையின் காது தன் இடுப்பு உயரத்தில் இருக்குமே என்று குனிந்து தட்டினாள்.

ஆத்தா எழுந்தாள். சலங்கை அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டது. வட்டம் பிரிந்து வரிசையாகி அக்கரைப் பாதையில் இறங்கியது. செவந்தி ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். இரண்டாம் தரம் பார்த்தாள். அதன் பிறகு திரும்பவில்லை. அம்மா தட்டுவது கேட்டுக்கொண்டே இருந்தது, அடிக்கு ஒரு தட்டாக நடந்து போனாள். நிலவு இறங்கியது. பாதையும் மறைந்தது.

விடிந்து தண்ணீருக்கு வந்த பெண்கள், பொட்டலில் காத்தாயி தனியாகக் குனிந்து தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்கள். இரண்டு உள்ளங்கையும் சிவந்து கன்றியிருந்தன. பித்துப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள். அதற்குள் ஆட்காட்டி வந்து ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டது.

கேட்டவர்கள் குடத்தை இறக்கிவைத்தார்கள். அவர்களில் பறிகொடுக்காதவள் யார்? ஒருத்திக்குத் தம்பி, ஒருத்திக்குப் புருசன், ஒருத்திக்கு முகம்கூடப் பார்க்காத குழந்தை. வழக்கம்போல் கைகோத்துக்கொள்ளாமல், காத்தாயியைச் சுற்றி வட்டமாக நின்று, அவளோடு சேர்ந்து தட்டினார்கள்.

அன்று முதல்தான் கும்மியில் யாரும் யார் கையையும் பிடிப்பதில்லை, கைகொட்டித்தான் ஆடுகிறார்கள். எத்தனை வயதானாலும், இடுப்பு எவ்வளவு வலித்தாலும் குனிந்தே தட்டுகிறார்கள், நிமிர்ந்து தட்டினால் சின்னப் பிள்ளைகளுக்குக் கேட்காது.