வாடகையைக் குறைக்க வந்த பேய்

ஒரு காட்டில், ஆற்றை ஒட்டி ஒரு மருதமரம் நின்றது. மரமா அது? ஊர் என்றே சொல்லலாம், பிள்ளைகளே! அடியிலிருந்து நுனிவரை நாற்பத்தொரு பொந்துகள். பக்கத்திலேயே அத்தித்தோப்பு, இறங்கினால் தண்ணீர், பருந்துகூட எட்டிப் பார்க்க முடியாத அடர்த்தி. எங்கெங்கோ இருந்த பிராணிகளெல்லாம் அங்கேதான் வந்து மோதின. நாற்பது பொந்தில் குடி வந்தாயிற்று. ஒன்றே ஒன்றுதான் காலி.

அந்த ஒன்றைக் கேட்டு வந்தான் மணிவாலன் என்கிற அணில். அவன் பெண்டாட்டி செவ்வந்திக்கு நிறைமாதம். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. மழை பிடிப்பதற்குள் ஒரு பொந்து கிடைக்காவிட்டால், பிறக்கிற குட்டிகள் ஈரத்தில் விறைத்துப் போகும்.

மரத்தின் சொந்தக்காரர் ஓர் இருவாச்சிப் பறவை. எல்லோரும் அவரை ‘ஓனர் ஐயா’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“மாசம் நூறு அத்திப்பழம். அட்வான்ஸ் பத்து மாசம்” என்றார் ஓனர்.

மணிவாலன் வாயிலிருந்த கொட்டை நழுவி ஆற்றில் விழுந்தது.

“காலையில எழுபதுன்னு சொன்னீங்களே ஐயா!”

“காலையில நீ ஒருத்தன் கேட்டே. இப்ப இன்னும் ஏழு பேர் கேட்டாச்சு. சாயங்காலம் வந்தா நூத்தி இருபது. அப்புறம், வாலை வெளியே தொங்கப் போடக் கூடாது. குட்டிங்க இருக்கக் கூடாது.”

“குட்டி பிறக்கப் போகுதுன்னுதானே ஐயா வீடே கேக்குறேன்!”

“அப்படியா? அப்ப நூத்தம்பது.”

என்ன அநியாயம் பாருங்கள்! நாள் முழுக்க நாலு காலும் தேய ஓடினாலும் ஓர் அணிலால் மாதத்துக்கு எண்பது பழம் சேர்ப்பதே பெரிய பாடு. மணிவாலன் மரத்தை விட்டு இறங்கினான்.

அவன் அசடு இல்லை. அசடாக இருந்திருந்தால் எங்கேயாவது ஒழுகுகிற பொந்தைப் பிடித்துக்கொண்டு பிழைத்திருப்பான். இவனுக்கோ மூளை வேலை செய்துவிட்டது.

நேரே செவ்வந்தியிடம் ஓடினான். “அடியே, அந்தக் காலிப் பொந்துல பேய் இருக்குடி!”

“ஐயையோ! நிஜமாவா?”

“உன் தலையில அடிச்சு சத்தியம் பண்றேன். யாரை விழுங்குதோ, அவங்க குரல்லயே பேசுமாம்.”

உள்ளே உட்கார்ந்து கத்தப்போவது அவனேதான். தன் குரலை அவள் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்றுதான் கடைசியில் அதையும் சேர்த்துவிட்டான். உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். செவ்வந்திக்குப் பயந்த மாதிரி நடிக்க வராது. அவள் நிஜமாகவே நடுங்கினால்தான் ஊர் நம்பும் என்று கணக்குப் போட்டான், கள்ளப் பயல்.

செவ்வந்தி நடுங்கிக்கொண்டே, மருதமரத்தில் குடியிருந்த மைனாவிடம் சொன்னாள். மைனாவிடம் சொன்னால் போதாதா? பொழுது சாய்வதற்குள் நாற்பது பொந்துக்கும் சேதி போய்விட்டது.

மறுநாள் உச்சி வெயிலில், மணிவாலன் ஒரு காலி விளாங்காய் ஓட்டை எடுத்துக்கொண்டு, யாரும் பார்க்காத நேரமாகப் பொந்துக்குள் நுழைந்தான். ஓட்டை வாயில் வைத்து, “ஊ... ஊ...” என்று ஊளையிட்டான். அவ்வளவுதான்! வீடு பார்க்க வந்திருந்த ஏழு பேரும் ஓடிய ஓட்டத்தில் இரண்டு பேர் ஆற்றிலேயே விழுந்தார்கள்.

‘இனி ஓனரே வந்து கெஞ்சுவார். பத்துப் பழம் கொடுப்பா, போதும்பார்’ என்று நினைத்து மணிவாலன் உள்ளே சுருண்டு படுத்துச் சிரித்தான்.

சற்று நேரத்தில் வாசல் பக்கம் ‘சப், சப்’ என்று சத்தம் கேட்டது. ஈரமண் வாசனை வந்தது. ‘அடடே! குடி வைக்கிறதுக்கு முன்னாடி பூச்சுவேலை பார்க்கிறாரே!’ என்று அவனுக்கு ஒரே குஷி. குஷியில் இன்னொரு ஊளை விட்டான்.

சத்தம் இன்னும் வேகமாயிற்று. உள்ளே இருட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் வெளியே மைனாவின் பேச்சு காதில் விழுந்தது.

“ஏன் ஐயா அடைக்கிறீங்க? வாடகையைக் குறைச்சா, துணிஞ்சவன் எவனாவது வருவானே?”

“குறைக்கிறதாவது!” என்றார் ஓனர், அலகு நிறையச் சேற்றோடு. “ஒருத்தனுக்குக் குறைச்சா, நாளைக்கு நாற்பது பேரும் என் முன்னாடி வந்து நிப்பீங்க. சும்மா கிடந்தாலும் கிடக்கட்டும், ஒரு பழம் குறைக்க மாட்டேன். அடைச்சுப் போட்டா தீர்ந்தது.”

இப்படியும் ஒரு ஜென்மம் இருக்குமா? மணிவாலன் பதறிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். வாசல் எங்கே இருக்கிறது? ஒரு விரல்கடை சந்துதான் மிச்சம். அதில் மூக்கை நுழைத்தான்.

“ஐயா! நான் பேய் இல்லை! அணில்! மணிவாலன்!”

“எந்தப் பேய் தன்னைப் பேய்னு ஒத்துக்கிட்டிருக்கு?” என்று சொல்லி, ஓனர் அந்த மூக்கின் மேலேயே ஒரு கவளம் சேற்றை அப்பினார்.

அந்த நேரம் பார்த்துப் புருஷனைத் தேடிக்கொண்டு செவ்வந்தி வந்தாள். அவள் குரல் கேட்டதும் மணிவாலனுக்கு உயிர் வந்தது. “செவ்வந்தி! நான்தான்டி! பேயே கிடையாது! எல்லாம் நான் சொன்ன பொய்!”

செவ்வந்தி தலையில் அடித்துக்கொண்டு அலறினாள்.

“ஐயோ! அவரை விழுங்கிடுச்சே! அவர் குரல்லயே பேசுதே!”

நிறைவயிற்றைத் தூக்கிக்கொண்டு அவள் அழுதுகொண்டே ஓடுவது, மிச்சமிருந்த சந்து வழியாக அவனுக்குத் தெரிந்தது. ஓனர் அந்தச் சந்தையும் அடைத்தார்.

இருவாச்சி பூசிய சேறு காய்ந்தால் கல்தான். மணிவாலன் உளுத்திருந்த பின்பக்கத்தைக் கொறிக்க ஆரம்பித்தான். மூன்று நாள். பல் மழுங்கியது, வாயெல்லாம் ரத்தம். வெளியே மழை கொட்டு கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. அவன் கொறித்தான், அழுதான், மறுபடியும் கொறித்தான்.

நாலாம் நாள் மரத்தூளும் மண்ணும் அப்பிய உடம்போடு அவன் வெளியே எகிறிக் குதித்தான். எதிரே உட்கார்ந்திருந்த ஓனரின் இறகெல்லாம் சிலிர்த்துப்போயிற்று.

“பே... பேயே! என்னை ஒண்ணும் செஞ்சுடாதே! அந்தப் பொந்தை நீயே வச்சுக்கோ! வாடகை வேண்டாம், அட்வான்ஸ் வேண்டாம், ஒரு பழம்கூட வேண்டாம்!”

நம்ப முடிகிறதா? மருதமரத்தில் இலவசமாக ஒரு வீடு! மணிவாலனுக்கு வலியெல்லாம் பறந்துவிட்டது. மழையில் விழுந்தடித்துக்கொண்டு ஓடினான். புதர் புதராகத் தேடினான். கடைசியில் ஓடைக்கு அப்பால், ஒழுகுகிற ஒரு முருங்கைப் பொந்தில் செவ்வந்தி இருந்தாள். அவள் வயிற்றை ஒட்டிக்கொண்டு, கண் திறக்காத மூன்று குட்டிகள்.

“செவ்வந்தி! வீடு கிடைச்சிடுச்சு! வாடகையே இல்லை! குட்டிகளைத் தூக்கு, போகலாம் வா!”

செவ்வந்தி குட்டிகளைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். இரண்டு கையையும் கூப்பினாள்.

“என் வீட்டுக்காரரைத்தான் தின்னுட்டியே. இதுங்களையாவது விட்டுடு.”

நீதி: ஊரை ஏமாற்றுவதற்காக வீட்டாரிடமே பொய் சொன்னால், உண்மையைச் சொல்லும் நாளில் நம்புவதற்கு ஒருவரும் இருக்கமாட்டார்.