கடைசி வாய் சூப்பும் லாமாவின் எச்சிலும்

அந்தக் காலத்தில், ஆண்டீஸ் மலையில் லாமா என்கிற நெடுங்கழுத்து மிருகங்கள் நம்மைவிட அதிகமாகப் பேசிக்கொண்டிருந்தன. அங்கே சிசா என்றொரு நெசவுக்காரி அல்பாகாக்களை வளர்த்து, அவற்றின் ரோமத்தில் போர்வை நெய்துவந்தாள். மந்தைக்குக் காவல் யானா என்ற கறுப்பு லாமா. அந்த வருஷப் பனியில் பிழைத்தது ஒரே ஓர் அல்பாகாக் குட்டிதான். அதனால் யானாவுக்குத் தன் நிழல்மேலேயே சந்தேகம்.

ஒரு நாள் காலை, பண்ணையைச் சுற்றிப் பார்க்க ஒரு விருந்தாளி வந்தார். தரையைக் கூட்டுகிற நீளத்துக்குப் போர்வை, காதை மூடிய தொப்பி. சிசா சுடச்சுட உருளைக்கிழங்கு சூப் கொடுத்தாள்.

"அக்கா, இந்த ஆளைப் பார்த்தால் சரியாகப் படவில்லை," என்று யானா கிசுகிசுத்தது. "இந்த வெயிலிலும் தொப்பியைக் கழற்றவில்லை, பார்த்தாயா? நம்மையா பார்க்கிறான்? குட்டியைத்தான் பார்க்கிறான்."

"வாயை மூடு! விருந்தாளி சூப்பைக் குடித்து முடிக்கும்வரை இந்த வீட்டில் யாரும் அவரைக் குறையாக ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. தெரியாதா உனக்கு?"

அது அந்த மலையின் வழக்கம். யானா வாய் நிறையப் புல்லை அடைத்துக்கொண்டு ஆத்திரத்தோடு மென்றது.

"எனக்கு ஒரு பை நெய்து தாருங்களேன் அம்மா," என்றார் விருந்தாளி. சிசாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தறியின் ஒரு முனையைக் கம்பத்தில் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இனி அவளால் சட்டென்று எழுந்திருக்க முடியாது. விருந்தாளியோ கிண்ணத்தில் ஒரே ஒரு வாய் சூப்பை மிச்சம் வைத்துக்கொண்டு, மெல்ல மெல்லக் குட்டியிடம் நகர்ந்தார். அடேயப்பா, எப்பேர்ப்பட்ட மூளை!

போர்வைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு குட்டியின் கழுத்தைப் பிடித்தது. கையா அது? நகமும் ரோமமுமாக இருந்தது. யானா அதைப் பார்த்துவிட்டது. கத்தினால் வழக்கம் கெடும், கத்தாவிட்டால் குட்டி போய்விடும். அது ஒரு வார்த்தையும் பேசவில்லை. மென்ற புல்லையெல்லாம் திரட்டி அந்த முகத்தில் 'தூ' என்று துப்பியது.

தொப்பி பறந்தது. உள்ளே கூரான இரண்டு காதுகள். நரி! குட்டியைப் போட்டுவிட்டு, விழுந்தடித்து ஓடிப்போனது.

சிசா தறியையும் இழுத்துக்கொண்டு வந்து குட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். "பாவி, முன்னாலேயே சொல்லக் கூடாதா?" என்று யானாவைக் கேட்டாள்.

"சொன்னேனே அக்கா. கேட்டாயா?" என்றது யானா. அது பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அன்று முதல்தான் லாமாக்கள் பேசுவதை விட்டுவிட்டுத் துப்புகின்றன. நீங்கள் அந்த மலைக்குப் போகும்போது உங்கள் மேலும் துப்பினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். தொப்பியைக் கழற்றிக் காதைக் காட்டுங்கள், போதும்.