மேட்டுக்காட்டாளுக்குக் கூரை இல்லாமல் போன கதை

ஆடும் மாடும் வாய்திறந்து பேசிய அந்தக் காலத்தில், மேட்டுக்காட்டில் சடைச்சி என்றொரு பெண் ஆடு மேய்த்து வந்தாள். ஒருநாள் உச்சிவெயிலில், ஆடுகள் ஒதுங்கும் நெட்டுக்கல் ஒன்றில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். காற்று நின்றது. கல் மூச்சு விடுவது அவள் முதுகுக்குத் தெரிந்தது. ஆடுகளின் மூச்சும் தன் மூச்சும் அதே மூச்சுதான் என்று தெரிந்தது. அழுகை வந்தது, பயம் வரவில்லை.

ஊரில் போய்ச் சொன்னாள். எல்லோரும் வந்து சாய்ந்து பார்த்தார்கள். சிலருக்கு வாய்த்தது, சிலருக்கு வாய்க்கவில்லை. கல்லுக்கு மேட்டுக்காட்டாள் என்று பெயர் வைத்தார்கள்.

ஆத்தா வெயிலில் காய்கிறாளே என்று மருதப்பன் என்பவன் பனையோலைக் கூரை போட்டான். கூரைக்குச் சுவர் தேவைப்பட்டது, சுவருக்குக் கதவு. சாவி அவனிடம் இருந்தது. யார் உள்ளே வரலாம், யார் வாசலோடு நிற்க வேண்டும் என்று அவனே சொன்னான். கல்லை யாரும் தொடக்கூடாது என்றான். கெட்டவன் இல்லை, தினமும் விடியுமுன் குளித்து ஈரத்துணியோடு விளக்கேற்றுவான். ஆனால் அதன்பின் ஒருவருக்கும் அந்த மூச்சு தெரியவில்லை. நம்மிடம்தான் குறை என்று ஊரார் தலைகுனிந்து திரும்பினார்கள்.

ஆட்டுவாடை அடிக்கிறது என்று சடைச்சியையும் வாசலில் நிறுத்தினான்.

அவளுடைய கிழட்டு வெள்ளாடு சொன்னது: "உனக்கு முன்னாடியே நாங்க அவமேல சாய்ஞ்சு தூங்கினவங்க. இப்போ கதவுல முட்டிக்கிட்டு நிக்கிறோம்."

சடைச்சி அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு கூரைமேல் ஏறினாள்.

கண் அவிந்துபோகும், இறங்கு என்று ஊரார் மிரட்டினார்கள். அவள் கட்டுகளை அறுத்து ஓலையைத் தள்ளியபடியே இருந்தாள். மருதப்பன் தடியோடு வந்தான்.

"மழையும் வெயிலும் அவளை அரிச்சிடும், சடைச்சி. நான் காவல் காக்கிறேன்."

"காக்கச் சொல்லி அவ கேட்டாளா, அண்ணே?"

அவன் தடியைத் தரையில் ஊன்றினான். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னான்: "அன்னிக்கு நானும் சாய்ஞ்சேன். எனக்கு ஒண்ணும் தெரியலை. அதனாலதான் கூரையாவது போட்டேன்."

"இன்னொரு தடவை சாய்ஞ்சு பாருங்க" என்றாள். அறுப்பதை நிறுத்தவில்லை.

பொழுது சாய்வதற்குள் கடைசி ஓலையும் கீழே விழுந்தது. அவள் உள்ளங்கை கிழிந்திருந்தது. மருதப்பன் தடியைப் போட்டுவிட்டு உள்ளே போய், கல்லில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். அவனுக்கு என்ன தெரிந்தது என்று கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. எழுந்து வந்து, கதவைத் தானே பெயர்த்துத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

அன்று முதல்தான் மேட்டுக்காட்டாளுக்குக் கூரை கிடையாது. மழை பெய்தால் அவளும் நனைகிறாள், பூசாரியும் நனைகிறான், கும்பிட வந்தவர்களும் நனைகிறார்கள்.